இரண்டு வாரம் தாண்டிய வாய்ப்புண்

வாய்ப்புண்ணோடு வருகிறவர்களில் பலர் காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "உடம்பு சூடு டாக்டர்." "வயித்துல புண், அதான் வாய்ல வந்திருக்கு." பையில் பி காம்ப்ளக்ஸ் அட்டை இருக்கும். நான் கேட்பது இரண்டுதான். எத்தனை நாளாக இருக்கிறது? ஒரே இடத்திலேயே இருக்கிறதா, இடம் மாறி மாறி வருகிறதா?

மாறி மாறி வந்து போவது பெரும்பாலும் ஆஃப்தஸ் புண். உதட்டின் உள்பக்கம், கன்னம், நாக்கின் அடி போன்ற மெல்லிய சவ்வுள்ள இடங்களில் சின்னதாக, வட்டமாக வரும். நடுவில் வெளிர் மஞ்சள், சுற்றிலும் சிவப்பு. ரசம் பட்டாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஆனால் 7 முதல் 14 நாட்களில் தானாக ஆறிவிடும், பிறருக்குத் தொற்றாது. வயிற்றுப் புண் மேலேறி வாய்க்கு வருவதில்லை. தூக்கம் கெடுவது, பரீட்சை நேரப் பதற்றம், சாப்பிடும்போது கடித்துக்கொள்வது, மாதவிலக்கை ஒட்டிய நாட்கள், குடும்ப வாகு, இவையெல்லாம் இதைத் தூண்டும். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அது இல்லாத பேஸ்ட்டுக்கு மாறிப் பார்க்கலாம்.

மாதம் தவறாமல் வருகிறது என்றால் மாத்திரையை வாங்கி விழுங்குவதைவிட ரத்தப் பரிசோதனை செய்வது மேல். இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் இவற்றில் எது குறைவு என்று தெரிந்தால்தான் அதைச் சரிசெய்ய முடியும். அதிக உதிரப்போக்கு உள்ள பெண்களையும், சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களையும் நான் கட்டாயம் பார்க்கச் சொல்வேன்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது நல்லது. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சாப்பிடுங்கள், காரமில்லாமல் இதமாக இருக்கும். வலி தாங்கவில்லை என்றால் டிரையாம்சினலோன் பேஸ்ட் எழுதித் தருவோம். அதை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அது ஸ்டீராய்டு, அக்கிப் புண்ணாக இருந்தால் நிலைமை மோசமாகும். பல்வலிக்கு மாத்திரையைப் பல்லிடுக்கில் அடக்கிவைப்பதும் வேண்டாம், அந்த இடம் வெந்து வெள்ளையாக உரியும்.

மாத்திரை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் மெத்தோட்ரெக்சேட் கொடுப்பார்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. விவரம் புரியாமல் தினமும் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வாய் முழுக்கப் புண் வருவது முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். உள்ளே ரத்த அணுக்களும் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும். உயிருக்கே ஆபத்து. வீட்டில் பெரியவர்கள் யாராவது இந்த மருந்து சாப்பிட்டால், இன்றைக்கே அட்டையை எடுத்துப் பாருங்கள். தினமும் போட்டிருந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

சரி, இடம் மாறாத புண்ணுக்கு வருவோம். உடைந்த கடைவாய்ப்பல்லின் கூர் நாக்கின் ஓரத்தை உரசிக்கொண்டே இருந்தால், பொருந்தாத பல்செட் ஈறை அழுத்தினால், புண் அங்கேயே நிற்கும். பல்லை மழுக்கி, செட்டைச் சரிசெய்து விட்டால் இரண்டு வாரத்துக்குள் ஆற வேண்டும். அப்படியும் ஆறவில்லை என்றால் புற்றுநோயா என்று அந்தப் புண்ணிலிருந்து சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

நம் ஊரில் இதில் கூடுதல் கவனம் தேவைப்படுவது பாக்கும் புகையிலையும் போடுகிறவர்களுக்கு. தமிழ்நாட்டில் 2013இல் குட்காவைத் தடை செய்த பிறகும், கன்னத்தில் ஹான்ஸ் புகையிலை ஒதுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். "புகையிலை இல்ல டாக்டர், வெறும் பாக்குதான்" என்பார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். காரம் பட்டால் வாயெல்லாம் எரிவது, வாயை முன்போல அகலத் திறக்க முடியாமல் போவது, இரண்டும் பாக்கினால் சவ்வு இறுகத் தொடங்கிவிட்டதன் அடையாளம். ஒதுக்குகிற அதே இடத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தொட்டால் கெட்டியாக இருக்கும் விளிம்பு, லேசான ரத்தக் கசிவு, கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். "வலிக்கலையே" என்று இருந்துவிடுவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அந்தப் பழக்கமே இல்லாதவர்களுக்கும் நாக்கின் ஓரத்தில் வருவதுண்டு.

சதை எடுத்தால் பரவிவிடும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துணுக்கு எடுத்து, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு தையல் போட்டு அனுப்பிவிடுவோம். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், பிற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்துகொள்ளலாம். புற்றுநோயைச் சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் பலருக்கு அறுவை சிகிச்சை மட்டுமே போதும். கழுத்து நெறிகளுக்குப் போன பிறகு வந்தால் கழுத்திலும் அறுவை, அதன்பின் கதிர்வீச்சு, சிலருக்குக் கீமோவும் சேரும்.