தரையில் ஓடும், மேட்டில் நிற்கும்

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். என் பழைய கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குத் தரும் பாகம்) கார் மூன்று முறை போயும் நான்காவது வளைவைத் தாண்டவில்லை. சேலத்திலிருந்து அடிவாரம் வரை சொன்ன பேச்சைக் கேட்கும். ஏற்றம் தொடங்கிச் சற்று நேரத்தில் திக்கும், இழுவை குறையும், அப்புறம் ஆஃப். ஓரங்கட்டிப் பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பிளக் மாற்றினார்கள், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப்பையும் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பட்டறையில் ரேஸ் செய்து காட்டும்போது இஞ்சின் கணீரென்று ஒலித்தது.

அந்த ரேஸ்தான் ஆளை ஏமாற்றுகிறது. நியூட்ரலில் நிற்கும் வண்டியில் இஞ்சின் சுமப்பது தன் சொந்த உராய்வை மட்டும்தான். த்ராட்டில் (இஞ்சினுக்குள் போகும் கலவையைக் கட்டுப்படுத்தும் தட்டு) ஒரு கீற்று திறந்தாலே 3000 சுற்று வந்துவிடும். அதே 3000 சுற்றில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏற வேண்டுமானால் த்ராட்டில் கிட்டத்தட்ட முழுதாகத் திறக்க வேண்டும். வேகம் வேறு, சுமை வேறு. சுமையில் நிற்கும் வண்டியைச் சுமையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள இஞ்சின், ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது) நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லி பெட்ரோல் குடிக்கும். முழு மூச்சில் ஏறும்போது அது நூறு மில்லிக்கு மேல் போகும். ஏதோ ஓர் அடைப்பால் 60 மில்லிதான் வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்துக்கு அது தாராளம். மேட்டிலோ நிமிடத்துக்கு 40 மில்லி பற்றாக்குறை. கார்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் 50 மில்லி இருப்பு இருந்தால் ஒன்றேகால் நிமிடத்தில் அது காலி. ஏற்றம் தொடங்கியதும் நிற்காமல் சற்றுத் தள்ளி நிற்பதற்கு இந்தக் கையிருப்புதான் காரணம்.

சரி, பெட்ரோல்தான் குற்றவாளி என்று எப்படி முடிவு கட்டுவது? பிளக்கில் தோன்றும் மின்பொறியும் சுமையில்தான் தோற்கும். ஐட்லிங்கில், சிலிண்டருக்குக் கலவை போகும் இன்டேக் குழாயின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். முழு த்ராட்டிலில் அது வெளிக்காற்றை நெருங்கிவிடும். ஆக, சிலிண்டருக்குள் கலவை ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தி. அடர்ந்த வாயுவைத் துளைத்துப் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்கு அதிக வோல்ட் வேண்டும். தேய்ந்த பிளக்கோ, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் விரிசல் விட்ட மூடியோ அங்கேதான் கைவிடும். சூடேறிய காயிலும் அப்படித்தான், ஆறினால் மறுபடி வேலை செய்யும். இரண்டு கோளாறும் பத்து நிமிடத்தில் தானே சரியாகிவிடுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

வண்டி எப்படி நின்றது என்பதைக் கவனியுங்கள். சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நின்றால் மின்சாரத்தைச் சந்தேகப்படலாம். திக்கித் திணறி, ஆக்ஸிலரேட்டரை விட்டால் கொஞ்சம் உயிர் வந்து, மிதித்தால் மறுபடி துவண்டால் பெரும்பாலும் பெட்ரோல் வரத்து. இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது, நின்ற அந்த நிமிடத்திலேயே செய்ய வேண்டும். சாவியை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள். கார்பரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி த்ராட்டில் கம்பியைக் கையால் இழுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தால் மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். வறண்டிருந்தால் பொறியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். (இஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் நெருப்பே கூடாது.)

என் வண்டியில் தொண்டை வறண்டுதான் கிடந்தது. புது பம்ப், புது ஃபில்டர், இருந்தும் வறட்சி. அடுத்து ஹோஸைப் பார்த்தேன். டேங்க்கிலிருந்து பம்ப் வரை வரும் ஹோஸில் விரிசல் இருந்தால் பெட்ரோல் ஒழுகாது, அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால் காற்றுதான் உள்ளே புகும். கீழே ஈரம் இல்லை என்பதால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டு, காயில் இணைப்பை எடுத்துவிட்டுச் செல்ஃப் அடித்தால், விட்டு விட்டுக் குமிழிகள் வருவது தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காலத்து ரப்பருக்கு ஆகாது என்பதால் இப்போது இதை முதலில் பார்ப்பதே நல்லது. எனக்குக் குமிழி வரவில்லை.

வெப்பத்தால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாவதும் உண்டு. அந்தக் கால அம்பாசடர் ஓட்டுநர்கள் மலையில் பம்ப் மேல் ஈரத்துணி போட்டது இதற்காகத்தான், அது மிகச் சரியான வைத்தியம். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்துப் புகை வெளியேற முடியாமல் மூச்சு முட்டும் வண்டிகளும் இருக்கின்றன. அவை திடீரென்று நிற்பதைவிட நாளுக்கு நாள் பலம் குறைந்தே வரும். இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் அழுத்தமானியைப் பொருத்திக்கொண்டே மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பட்டறையில் நிற்கும்போது வரும் அளவை நம்பக்கூடாது.

எனக்கு வழிகாட்டியது வேறொரு விஷயம். மூன்று முறையும் மலைக்குப் போகிறோமே என்று அடிவாரத்தில் டேங்க்கை நிரப்பியிருந்தேன். பெட்ரோல் வெளியேறினால் அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். அதற்கு டேங்க் மூடியில் ஒரு நுண்துளை உண்டு. அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து பம்ப்பை எதிர்த்து இழுக்கும். பாதி டேங்க் காலியாக இருந்தால் அங்கிருக்கும் காற்று விரிந்து கொஞ்ச தூரம் சமாளிக்கும். முழு டேங்க்கில் விரிய இரண்டு லிட்டர் காற்றுகூட இருக்காது. சமதளத்தில் இடுக்குகள் வழியே கசியும் காற்றே போதும். மேட்டில் அதைவிட வேகமாக உறிஞ்சும்போது அது எந்த மூலைக்கு?

நான்காம் முறை, அதே வளைவில் நின்றதும் பின்னால் ஓடினேன். மூடியை மெல்லத் தளர்த்தினேன். உஸ்ஸென்று சத்தம். வெயிலில் டேங்க்குக்குள் ஆவி அழுத்தம் கூடினாலும் இப்படிச் சத்தம் வரும், ஆனால் அது வெளியே போகும் காற்று. சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டை இடுக்கில் பிடித்தேன். அது உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடம் காத்திருக்கவில்லை, உடனே செல்ஃப் அடித்தேன், வண்டி கிளம்பிவிட்டது.

மூடியின் துளையில் காய்ந்த சேறு. ஊசியால் குத்தி எடுத்து, வாயால் ஊதிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். மீதி 16 வளைவுகளிலும் ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை.