தொப்பைக்கும் தசைக்கும் நடுவில் கல்லீரல்

வேறு எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுக்கப் போய், 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்ற ஒரு வரியோடு திரும்பி வருகிறவர்கள் நிறைய. அதிர்ச்சி அடங்கியதும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நான் குடிப்பதே இல்லை. அப்படியொன்றும் குண்டாகவும் இல்லை. எனக்கு எப்படி?" நியாயமான கேள்விதான். ஆனால் உடல் எடை கூடினால்தான் கல்லீரலில் கொழுப்பு சேரும் என்ற ஒரு நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எடையில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு, அந்தக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதைத்தான் கல்லீரல் பொருட்படுத்துகிறது.

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. சித்தரஞ்சன் யாஜ்னிக், ஜான் யுட்கின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றேதான்: 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பிஎம்ஐயை மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்று சொல்லி அனுப்புவது எவ்வளவு அரைகுறையான வேலை என்பதற்கு இந்தப் படம் ஒன்றே போதும்.

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் தேங்கினால் அது கொழுப்புக் கல்லீரல். அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? எண்ணெய்ப் பலகாரத்திலிருந்து நேராகப் போய் ஒட்டிக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2005-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தே பார்த்தது. இந்த நோய் உள்ளவர்களின் உடம்புக்குள் ஐசோடோப்பு அடையாளமிட்ட மூலக்கூறுகளைச் செலுத்தி, பிறகு கல்லீரல் திசுவை எடுத்துச் சோதித்தார்கள். கல்லீரல் கொழுப்பில் உணவிலிருந்து நேரடியாக வந்தது சுமார் 15 சதவீதம்தான். 26 சதவீதத்தைக் கல்லீரலே மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொண்டு புதிதாகத் தயாரித்திருந்தது. மீதி 59 சதவீதம், ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்த கொழுப்பு அமிலங்களிலிருந்து வந்தது. அவை பெரும்பாலும் உடம்பின் கொழுப்புத் திசுக்கள் கசியவிட்டவை. தசை குறைவதோடு அந்த 26 சதவீதத்துக்கு நேரடித் தொடர்பு உண்டு. 59 சதவீதத்துக்குத் தொப்பையோடு தொடர்பு.

முதலில் தசையைப் பார்க்கலாம், ஏனென்றால் இதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. தசை என்றதும் பலம், உடற்கட்டு என்றுதான் எண்ணம் ஓடுகிறது. உடம்பின் வேதியியல் கணக்கிலோ தசைதான் குளுக்கோஸின் மிகப்பெரிய வாடிக்கையாளர். குளுக்கோஸைச் செல்களுக்குள் அனுப்பும் ஹார்மோனான இன்சுலினையும் குளுக்கோஸையும் சிரை வழியாக ஏற்றிச் செய்யும் ஆய்வுகளில், உள்ளே போன குளுக்கோஸில் சுமார் 80 சதவீதம் தசைக்குள்தான் போகிறது. தசை அதைக் கிளைக்கோஜனாக மாற்றிச் சேமிக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன்தான் தங்கும். உடம்பின் தசைகளில் மொத்தமாக 400, 500 கிராம் வரை தங்கும். ஒரு முக்கியமான வித்தியாசமும் இருக்கிறது. கல்லீரல் தன் சேமிப்பை மறுபடி குளுக்கோஸாக்கி ரத்தத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். அதற்கு வேண்டிய நொதி தசையில் கிடையாது. உள்ளே போனதைத் தசை தானே எரித்தால்தான் அடுத்த சாப்பாட்டுக்கு இடம் காலியாகும். உட்கார்ந்தே இருப்பவரின் தசையில் அந்த இடம் காலியாவதே இல்லை.

சரி, தசை வாங்கிக்கொள்ளாத குளுக்கோஸ் எங்கே போகும்? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொன்னது. ஒல்லியான, சர்க்கரை நோய் இல்லாத, ஆரோக்கியமான இளைஞர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவினரின் தசை இன்சுலினுக்கு நன்றாகப் பதிலளித்தது, இன்னொரு குழுவினரின் தசை மந்தமாக இருந்தது. இரு குழுவுக்கும் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு கொடுத்து, காந்த ஒத்ததிர்வுக் கருவி மூலம் தசையையும் கல்லீரலையும் கவனித்தார்கள். மந்தமான குழுவில் தசை சேமித்த கிளைக்கோஜன் சுமார் 60 சதவீதம் குறைவு. கல்லீரல் புதிதாகத் தயாரித்த கொழுப்போ இரண்டு மடங்குக்கும் மேல். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடியிருந்தது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பின் அளவில் மட்டும் இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. அதாவது தொப்பை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, தசையின் மந்தம் குளுக்கோஸைக் கல்லீரல் பக்கம் திருப்பிவிட ஆரம்பித்துவிடுகிறது.

அதே குழு 2011-ல் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. இதே மாதிரி மந்தமான தசை உள்ளவர்களை ஒரே ஒரு முறை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வைத்து, பிறகு அதே மாதிரி சாப்பாடு கொடுத்தார்கள். தசையில் கிளைக்கோஜன் சேமிப்பு கூடியது, கல்லீரல் புதிதாகக் கொழுப்பு தயாரிப்பது சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஒரே நாளில் யாருக்கும் எடை குறைந்திருக்காது. தசையில் இடம் காலியானதுதான் நடந்த மாற்றம்.

மேலே சொன்ன இளைஞர்களுக்குத் தசையின் அளவு குறையவில்லை, வேலைதான் சரியில்லை. வயது ஏறும்போது இரண்டும் சேர்ந்துகொள்ளும். முப்பது வயதைத் தாண்டியபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. மிஞ்சியிருக்கும் தசையின் இழைகளுக்கு நடுவிலும் கொழுப்பு புகுந்துகொள்வது உண்டு. வெளியே பார்த்தால் தொடை அதே பருமனில்தான் தெரியும்.

இனி தொப்பை. கொழுப்பு என்றாலே கெட்டது என்ற பேச்சு கல்லீரல் விஷயத்தில் பாதிதான் உண்மை. இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு, உபரிச் சக்தியை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் இடம். கண்மாய் நிறைந்தபின் மறுகால் பாய்வதைப் போல, அங்கே கொள்ளாதபோதுதான் கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் போய்ச் சேர்கிறது. இதற்கு இரண்டு பக்கச் சாட்சிகள் உண்டு. பிறவியிலேயே கொழுப்புத் திசு உருவாகாத அரிய நோய் ஒன்று இருக்கிறது. அவர்கள் உடம்பில் கிள்ளி எடுக்கக்கூடக் கொழுப்பு இருக்காது, ஆனால் கல்லீரலில் கொழுப்பு மிக மோசமாகச் சேரும். மறுபக்கம், 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் உடல் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலடியிலிருந்து லைப்போசக்‌ஷன் மூலம் 10 கிலோ அளவுக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். கல்லீரலோ தசையோ இன்சுலினுக்குப் பதிலளிப்பதில் எந்த முன்னேற்றமும் இல்லை. தொப்பையை உறிஞ்சி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

கையால் பிடித்துப் பார்க்க முடிவது தோலடிக் கொழுப்பு. வயிற்றுச் சுவருக்குப் பின்னால், குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பு கைக்கு அகப்படாது. அதிலிருந்து கிளம்பும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் முதலில் போகிறது. அந்தக் கொழுப்பு கசியவிடும் கொழுப்பு அமிலமும், அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களும் நீர்த்துப்போகாமல் அப்படியே கல்லீரலில் இறங்குகின்றன. ஆனால் இந்த விளக்கத்தைப் பலர் மிகைப்படுத்துகிறார்கள். தொப்பை பெருத்தவர்களில்கூட, கல்லீரலுக்குள் வரும் கொழுப்பு அமிலத்தில் உள்வயிற்றுக் கொழுப்பின் நேரடிப் பங்கு 20, 25 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும் என்று அளவீடுகள் காட்டுகின்றன. மீதியில் பெரும்பகுதி உடம்பின் மேல்பாதியில் உள்ள தோலடிக் கொழுப்பிலிருந்து வருகிறது. ஆக, உள்வயிற்றுக் கொழுப்பு ஓரளவுக்குக் குற்றவாளி. அதைவிட முக்கியமாக, வேறெங்கும் இனி இடமில்லை என்று சொல்லும் அறிகுறி.

தசையும் தொப்பையும் தனித்தனிக் கதைகள் இல்லை என்பதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவை கோபன்ஹேகனில் நடந்த ஆய்வுகள். 2008-லும் 2010-லும் வெளியானவை. ஆரோக்கியமான இளைஞர்கள் தினமும் சுமார் 10,000 காலடி நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டே வாரத்துக்கு அதை 1,500 காலடிக்கும் கீழே குறைக்கச் சொன்னார்கள். லிஃப்டில் போ, வண்டியில் போ, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் கால்களின் தசை 2.8 சதவீதம் குறைந்தது, இன்சுலினுக்கு உடம்பு பதிலளிக்கும் திறன் 17 சதவீதம் சரிந்தது, வயிற்றுக்குள் கொழுப்பு 7 சதவீதம் கூடியது. பிஎம்ஐ? அது குறைந்திருந்தது! தசை போனதால் குறைந்த எடையைப் பார்த்து, விஷயம் தெரியாத ஒருவர் சந்தோஷப்பட்டிருக்கவும் கூடும்.

வேலை செய்யும் தசை குளுக்கோஸை எரிப்பதோடு நிற்பதில்லை, ரத்தத்தில் சில புரதங்களையும் வெளியிடுகிறது. அவற்றில் ஒன்று இன்டர்லூக்கின்-6. வேடிக்கை என்னவென்றால், உள்வயிற்றுக் கொழுப்பு நாள் முழுக்கக் கசியவிட்டு அழற்சியை வளர்க்கும் அதே பொருள்தான் இது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் தொப்பை உள்ளவர்கள் 12 வாரம் சைக்கிள் பயிற்சி செய்தார்கள். உள்வயிற்றுக் கொழுப்பு குறைந்தது. இன்டர்லூக்கின்-6 வேலை செய்யவிடாமல் தடுக்கும் மருந்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டவர்களுக்கோ, அதே பயிற்சி செய்தும் அந்தக் கொழுப்பு குறையவில்லை. தசையிலிருந்து சிறிது நேரம் எழுந்து அடங்கும்போது நன்மை செய்யும் பொருள், கொழுப்பிலிருந்து ஓயாமல் சொட்டும்போது கெடுதல் செய்கிறது.

இந்தப் பாதை ஒருவழிப் பாதையும் இல்லை. கல்லீரல் கெட்டால் அது தசையைத் தின்னும். புரதம் சிதையும்போது வரும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது கல்லீரலின் வேலை. நோய் முற்றி, தழும்பேறி, சிரோசிஸ் நிலைக்குப் போனால் அந்த வேலை தடைபடுகிறது, அம்மோனியாவைக் கையாளும் பாரம் தசை மேல் விழுகிறது. கூடிய அம்மோனியா, தசை வளராமல் தடுக்கும் மயோஸ்டேட்டின் என்ற புரதத்தைத் தசைக்குள் தூண்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, சேமிப்பு வற்றிய கல்லீரலால் ஒரு ராத்திரிப் பட்டினியைக்கூடத் தாங்க முடியாது. தசைப் புரதத்தை உடைத்துத்தான் குளுக்கோஸ் தயாரிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் சிரோசிஸ் நோயாளிகளைப் படுக்கப் போகும் முன் ஏதாவது சாப்பிடச் சொல்கிறார்கள். கல்லீரல் நோய் என்றால் புரதத்தைக் குறை என்ற பழைய அறிவுரையும் மாறிவிட்டது. இப்போதைய வழிகாட்டுதல், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம்.

ஓர் எச்சரிக்கை. தசைக் குறைவுக்கும் கொழுப்புக் கல்லீரலுக்கும் தொடர்பு காட்டும் பெரிய மக்கள்தொகை ஆய்வுகள், குறிப்பாகத் தென் கொரியாவிலிருந்து, நிறைய வந்துள்ளன. அவற்றில் பல, தசையின் அளவை உடல் எடையால் வகுக்கின்றன. அப்படி வகுத்தால் குண்டானவர்கள் எல்லோரும் தசை குறைந்தவர்களாகத்தான் தெரிவார்கள். உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்தத் தொடர்பு பல இடங்களில் மங்கிவிடுகிறது. இந்த மாதிரிக் கணக்கெடுப்புகளைவிட, மேலே சொன்ன சிறிய சோதனைகளைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். ஆட்கள் குறைவு என்றாலும், ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறுகிறதா என்று அவை நேரடியாகப் பார்த்தவை.

அப்புறம், என்ன செய்வது? எடை குறைப்பு இன்றும் முதல் மருந்துதான். கொழுப்பால் கல்லீரல் அழற்சி வந்தவர்களை ஓராண்டு கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி தீர்ந்தது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பும் பின்வாங்கியது. ஆனால் பட்டினி கிடந்து குறைத்தால், போகிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு தசையாகப் போய்விடலாம். எடை திரும்பி ஏறும்போது பெரும்பாலும் கொழுப்புதான் முந்திக்கொள்ளும். பசியைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகளுக்கும் இந்த ஆபத்து பொருந்தும். எடை குறைக்கும்போது போதிய புரதமும், பாரம் தூக்கும் பயிற்சியும் கூடவே வேண்டியிருப்பது அதனால்தான். பாரப் பயிற்சி தனியாகவே பலன் தரும் என்பதற்கும் சான்று உண்டு. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், 8 வாரம் பாரப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு, எடை மாறாமலே கல்லீரல் கொழுப்பில் 13 சதவீதம் குறைந்தது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள இரண்டு அளவுகள் போதும். ஒன்று, தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவு. அது உயரத்தில் பாதியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இன்னொன்று, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது. ஆசியர்களுக்காக 2019-ல் வகுத்த அளவுகோலின்படி இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசையைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை சரிவராது. அவர்களுக்குக் கைப்பிடி வலுவை அளப்பார்கள்: ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ, அதற்குக் கீழே போகக்கூடாது.