புதியவர் பக்கத்தில் யாரை நிறுத்துவது?

ஆன்லைன் கேம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவரை அனுபவசாலி ஒருவருடன் ஜோடி சேர்க்க வேண்டும் என்றால், முதலில் தோன்றும் யோசனை எளிது. இருப்பவர்களிலேயே நன்றாக ஆடுபவரைப் பிடித்துக் கொடுத்துவிடலாம். பெரும்பாலும் இது சரிவருவதில்லை. அதற்குக் காரணம் அந்தத் திறமையிலேயே இருக்கிறது.

1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்டுவார். கேட்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை 3 மட்டுமே. தட்டுபவரின் மனதுக்குள் மெட்டு முழுவதும் ஓடுகிறது. கேட்பவருக்கு வந்து சேர்வதோ வெறும் டக் டக் சத்தம். ஆயிரம் மணி நேரம் ஆடியவர் “பாஸ் (கட்டத்தின் பெரிய எதிரி) கையைத் தூக்கியதும் ஒதுங்கு” என்று சொல்லும்போதும் இதுதான் நடக்கிறது. எந்தப் பக்கம் ஒதுங்குவது, எவ்வளவு தூரம், எந்த பட்டன் என்பதெல்லாம் அவர் விரல்களுக்குத் தெரியும். தெரியும் என்பதையே அவர் மறந்திருப்பார். அதனால்தான், சமீபத்தில் தடுமாறித் தேறிய ஒருவர் பல நேரங்களில் சாம்பியனைவிட நல்ல வழிகாட்டியாக இருக்கிறார்.

சரி, இடைவெளி எவ்வளவு இருக்கலாம்? அதை அளக்க முதலில் இருவரின் திறமையும் எண்ணாக வேண்டும். சதுரங்கத்துக்காக அர்பாட் ஈலோ உருவாக்கிய தரப்புள்ளி முறையில், தரத்தில் 200 புள்ளி கூடுதலாக உள்ளவர், இருவரும் மோதும் ஆட்டங்களின் வெற்றிப் புள்ளிகளில் சராசரியாக நான்கில் மூன்று பங்கை எடுப்பார். வித்தியாசம் 400 ஆனால் அது பத்தில் ஒன்பது பங்காகிவிடும். ஆனால் புதியவருக்குத்தான் ஆடிய கணக்கே கிடையாதே! எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் கேம் சேவைக்காக மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வடிவமைத்த ட்ரூஸ்கில் என்ற முறை இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். ஒன்று திறமை பற்றிய மதிப்பீடு, மற்றொன்று அந்த மதிப்பீட்டின் நிச்சயமின்மை. எல்லோரும் 25-இல் தொடங்குகிறார்கள். நிச்சயமின்மை சுமார் 8.33. ஆட ஆட இரண்டாவது எண் சுருங்கும். வேறு கணக்கில் புதியவர்போல நுழையும் பழைய கைகளை அடையாளம் காணவும் இது உதவும். நான்கைந்து ஆட்டங்களைத் தொடர்ந்து அள்ளிவிட்டால் மதிப்பீடு சட்டென்று மேலே தாவிவிடும். அப்படிப்பட்டவருக்கு வழிகாட்டியை ஒதுக்கி வீணாக்கத் தேவையில்லை.

திறமை எண் மட்டும் போதாது. இருவரும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருக்க வேண்டும், ஒரே மொழி பேச வேண்டும். குணப்படுத்தும் பாத்திரத்தைக் கற்க வந்தவரிடம் அடிதடிக்காரரை அனுப்பிப் பயனில்லை. ஒரு கில்டில் (ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைத்த குழுவில்) இருபது புதியவர்களும் இருபது வழிகாட்டிகளும் தங்கள் விருப்ப வரிசையைக் கொடுத்தால், கணிதவியலாளர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962-இல் காட்டிய வழிமுறையை அப்படியே பயன்படுத்தலாம். அதன்படி அமையும் ஜோடிகளில், தங்களுக்குக் கிடைத்தவரைவிட ஒருவரையொருவர் அதிகம் விரும்பும் இருவர் வெளியே மிஞ்சமாட்டார்கள். ஆனால் நொடிக்கு நொடி ஆட்கள் வந்துபோகும் சர்வரில் வரிசைப் பட்டியலுக்கெல்லாம் நேரம் கிடையாது.

அங்கே வேறு ஒரு தந்திரம் தேவைப்படுகிறது: இடைவெளியையே மாற்றிவிடுவது. 2004-இல் வந்த சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற கேம் ‘சைட்கிக்’ என்ற வசதியைக் கொடுத்தது. புதியவரின் சக்தி, துணைக்கு இருக்கும் மூத்தவரின் லெவலுக்கு ஒரு படி கீழே வரை தற்காலிகமாக உயர்ந்தது. அதே ஆண்டு வெளியான எவர்குவெஸ்ட் 2 எதிர்த்திசையில் போனது. அங்கே மூத்தவரின் லெவல் கீழே இறங்கும். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. மூத்தவர் முழு பலத்துடன் வந்தால் ஒரே அடியில் எதிரி விழுந்துவிடுவான். புதியவர் பின்னால் ஓடிவருவதைத் தவிர எதுவும் செய்யமாட்டார். இறக்கிவிட்டால் புதியவரின் அடியும் கணக்கில் வரும், தவறும் வலிக்கும், கற்றலும் நடக்கும். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் தாழ்ந்த லெவல் டன்ஜனுக்குள் (குழுவாக எதிரிகளை வென்று கடக்கும் களத்துக்குள்) போகும் மூத்தவரின் லெவலும் ஆயுத பலமும் குறைவதோடு, பிற்பாடு கற்ற வித்தைகளும் பூட்டப்பட்டுவிடும். இரண்டு நாள் முன்பு சேர்ந்தவரிடம் இருக்கும் அதே சில பட்டன்கள்தான் அவரிடமும். பழைய தடுமாற்றங்களை நினைவுபடுத்த இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை.

டோட்டா 2 என்ற கேமோ லெவலைத் தொடாமல் பார்வையைப் பகிர்ந்து கொடுத்தது. 2013-இல் சேர்க்கப்பட்ட பயிற்சியாளர் வசதியில், கற்பிப்பவர் மாணவர் பார்ப்பதையே பார்க்கலாம், திரையில் கோடு போட்டும் காட்டலாம். ‘எந்தப் பக்கம் ஒதுங்குவது’ என்ற கேள்விக்கு அங்கே பதில் ஒரு கோடுதான்.

அப்புறம், மூத்தவர் ஏன் வர வேண்டும்? இங்கேதான் பல வடிவமைப்புகள் சறுக்குகின்றன. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் புதியவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை முளை ஒன்று தெரியும், வழிகாட்டிக்குக் கிரீடம். வழிகாட்டிகளுக்கென்றே உள்ள காத்திருப்பு வரிசையில் சேர்ந்து, அதில் கிடைக்கும் ஆட்டங்களை 2000 முறை முடித்தால் ஓர் அபூர்வ வாகனம் பரிசு. பரிசு எண்ணிக்கைக்குத்தான், சொல்லிக் கொடுத்ததற்கு இல்லை. விளைவை ஊகிப்பது கடினமில்லை. வாய் திறக்காமல் ஓடி முடிக்கும் கிரீடங்களைப் பற்றிய புலம்பல் அந்த ஆட்டக்காரர்களிடையே பல ஆண்டுகளாகக் கேட்கிறது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் குழந்தைகளிடம் இதற்கு நெருங்கிய ஒன்றைக் கண்டார்கள். படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு பரிசில்லாத நேரத்தில் குறைவாக வரைந்தார்கள். விருப்பத்தோடு செய்த வேலை, கூலி வேலையாகிவிடுகிறது.

அதே விளையாட்டில் இன்னொரு பரிசு அழகாக வேலை செய்கிறது. குழுவில் யாராவது அந்த டன்ஜனுக்கு முதல்முறையாக வந்திருந்தால் எல்லோருக்கும் கூடுதல் வெகுமதி. எரிச்சலாகத் தோன்றியிருக்கக்கூடிய புதியவர், இப்போது வரவேற்கப்படுகிறவர். எந்தப் பட்டமும் இல்லாமலே குழுவில் மற்றவர்கள் அவருக்காகக் கொஞ்சம் பொறுமை காட்டுகிறார்கள். வழிகாட்டுதலை ஒரு பதவியாக்காமல் அந்தக் கணத்தின் லாபமாக்கியதுதான் இதன் பலம்.

ஜோடிக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு: ஒருவர் வராவிட்டால் அவ்வளவுதான். ஈவ் ஆன்லைனில் ஆட்டக்காரர்களே 2004-இல் ‘ஈவ் யுனிவர்சிட்டி’ என்ற அமைப்பைத் தொடங்கி, வகுப்புகள் வைத்து, கூட்டமாகச் சொல்லித் தருகிறார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2020-இல் புதியவர்களும் தேர்ந்த வழிகாட்டிகளும் சேர்ந்து பேசும் சாட் ஒன்றைத் திறந்தது. கேள்வி கேட்டால் யார் இருக்கிறாரோ அவர் பதில் சொல்வார். தவறாக நடந்துகொள்பவரைப் பலரும் பார்க்கிறார்கள் என்பதால், தனி அறையில் இருவரை விடுவதைவிட இது பாதுகாப்பானதும்கூட. சிறுவர்கள் ஆடும் இடங்களில் நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

கடைசியாக, எப்போது விலகுவது? 1976-இல் உளவியலாளர்கள் வுட், புரூனர், ராஸ் ஆகியோர் கற்பவருக்குத் தரும் உதவியைச் சாரம் கட்டுவதோடு ஒப்பிட்டார்கள்; அவர் தேறத் தேற உதவி குறைய வேண்டும். கேம்களிலோ முளையும் புதியவர் சாட்டும் ஒரு நிபந்தனையைத் தாண்டியதும் மொத்தமாக மறைந்துவிடுகின்றன. படிப்படியாகக் குறைப்பது ஒன்றும் சிரமமில்லை. முதல் வாரம் வழிகாட்டி கூடவே வரட்டும், அடுத்த வாரம் பார்க்க மட்டும் செய்யட்டும், அதன்பின் கூப்பிட்டால் மட்டும் வரட்டும். ஜோடி சரியாக அமைந்ததா என்பதையும் அந்த மூன்றாவது கட்டத்தில்தான் அளக்க வேண்டும்: வழிகாட்டி இல்லாத நேரத்தில் புதியவர் தானாக எத்தனை ஆட்டங்களுக்குள் நுழைகிறார் என்பதை வைத்து.