அரை டன் பிக்கப்புக்கு டீசல் எதற்கு?

2018-இல் ஃபோர்டு தன் எஃப்-150 பிக்கப்பில் முதல்முறையாக டீசல் இன்ஜினை வைத்தது. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 440 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை). அதே ஆண்டு அதே வண்டி 3.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினோடும் கிடைத்தது. அதன் டார்க் 470. இழுவைத் திறனிலும் பெட்ரோல்தான் முந்தியது: டீசலுக்கு 11,400 பவுண்டு, பெட்ரோலுக்கு 13,200. பாரம் என்றால் டீசல்தான் என்று பேசிப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமான கணக்கு. 2021-ஓடு அந்த டீசல் போய்விட்டது. போட்டி பிக்கப்பான ராம் 1500-இல் 2014 மாடலில் வந்த எக்கோடீசல் இன்ஜினும் 2023-இல் நின்றது. ‘அரை டன்’ என்று அமெரிக்காவில் அழைக்கப்படும் இந்த இரண்டு இலகு ரக பிக்கப்புகளிலும் டீசல் ஏன் ஒட்டவில்லை?

டீசலின் பலம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பெட்ரோல் இன்ஜினில் ஒரு பங்கு எரிபொருளுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கை விடாமல் காக்க வேண்டும். மெதுவாகப் போகும்போது எரிபொருளைக் குறைத்தால் காற்றையும் குறைத்தாக வேண்டும். அதற்காகத்தான் காற்று வரும் வழியில் த்ராட்டில் என்ற கதவு. அது முக்கால்வாசி மூடியிருக்கும்போது பிஸ்டன் காற்றை உறிஞ்சுவது, நசுங்கிய ஸ்ட்ராவில் பழச்சாறு குடிப்பது போலத்தான். அந்த மல்லுக்கட்டுக்கே கொஞ்சம் எரிபொருள் போய்விடும்.

டீசலுக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்று தாராளமாக வரும். வேகத்தை முடிவு செய்வது எவ்வளவு எரிபொருள் தெளிக்கிறோம் என்பது மட்டுமே. உள்ளே வந்த காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நெருக்கினால், தெளித்த டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது சூடேறிவிடும். அவ்வளவு நெருக்கிய வாயு அதே அளவுக்கு விரியவும் செய்யும். அதனால் பெட்ரோல் இன்ஜினைவிட வெப்பத்தில் அதிகப் பங்கு பிஸ்டனைத் தள்ளுவதில் செலவாகி, மிச்சம்தான் வெளியே போகிறது.

சிக்கனத்தில் ஒரு பங்கு இன்ஜினின் சாமர்த்தியமே அல்ல. டீசல் அடர்த்தியான எண்ணெய். ஒரு கேலனில் பெட்ரோலைவிட அதிக ஆற்றலும் உண்டு, அதிக கார்பனும் உண்டு. ஒரு கேலன் பெட்ரோல் எரிந்தால் 8.89 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசல் என்றால் 10.18 கிலோ. ஒரு பேச்சுக்கு, ஆண்டுக்கு 12,000 மைல் ஓடும் வண்டி பெட்ரோலில் கேலனுக்கு 20 மைலும் டீசலில் 25 மைலும் தருகிறது என்று வையுங்கள். 600 கேலன் 480 ஆகிறது, 20 சதவீதம் மிச்சம். ஆனால் புகையில் போகும் கார்பனில் மிச்சம் 8 சதவீதம்தான். பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.60 டாலர் என்றால் கையில் நிற்பது ஆண்டுக்கு 72 டாலர். அமெரிக்க மத்திய அரசின் வரியும் பெட்ரோலுக்குக் கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட்.

பணம்கூடப் பரவாயில்லை. என் கண்ணில் பெரிய சிக்கல் புகையின் சூடுதான். வெப்பத்தை நன்றாகப் பயன்படுத்தும் இன்ஜினிலிருந்து வெளிவரும் புகை குளிர்ந்துதான் இருக்கும். அந்தப் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளோ சூட்டை நம்பியே வேலை செய்பவை.

பெட்ரோல் வண்டியில் மூன்று மாசுகளை ஒரே வினையூக்கிப் பெட்டி சமாளித்துவிடும். டீசல் புகையில் ஆக்சிஜன் மிஞ்சிக் கிடப்பதால் நைட்ரஜன் ஆக்சைடுகளிடம் அந்தப் பெட்டி தோற்றுப்போகும். எனவே யூரியாக் கரைசலைத் தெளித்து, அதை அம்மோனியாவாக்கி, அவற்றை முறிக்கிறார்கள். புகை ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸையாவது தொடாவிட்டால் யூரியா சரியாகச் சிதையாமல் குழாயில் உப்பு போலப் படியும். கரித்துகளுக்குத் தனியாக ஒரு வடிகட்டி. தேன்கூடு மாதிரி நுண்குழல்கள், ஒன்றுவிட்டு ஒன்று முனை அடைத்தவை. புகை சுவரில் கசிந்துதான் வெளியேற முடியும். கரி உள்ளேயே தங்கிவிடும். தங்கிய கரியை எரிக்க 600 டிகிரி போலத் தேவை.

இப்போது, வீட்டிலிருந்து மூன்று மைல் தள்ளியிருக்கும் கடைக்குப் போய்த் திரும்பும் பிக்கப்பை எண்ணிப் பாருங்கள். இன்ஜின் சூடாகும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. கரி சேர்ந்துகொண்டே போக, ஒரு நாள் கணினி முடிவெடுத்து, வடிகட்டியைச் சூடாக்கக் கூடுதல் டீசலைத் தெளிக்கத் தொடங்குகிறது. இருபது நிமிடம் விடாமல் ஓடினால் கரி எரிந்துவிடும். ஓட்டுநர் ஐந்தாவது நிமிடத்தில் சாவியைத் திருப்பிவிடுகிறார். எரியாத டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. நாளைக்கும் இதே கதை. யானையைக் கட்டித் தீனி போட்டு, அதைக் காய்கறி வாங்க அனுப்புவது போல.

இந்த நெருக்கடியில் மென்பொருளில் குறுக்குவழி தேடியவர்களும் உண்டு. 2014 முதல் 2016 வரையிலான ராம் 1500, ஜீப் கிராண்ட் செரோக்கி என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எக்கோடீசல் வண்டிகள் தொடர்பான வழக்கில், அவற்றைத் தயாரித்த எஃப்சிஏ யுஎஸ் நிறுவனம் 2022-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அப்படியானால் டீசலுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. ஒரு ட்ரெய்லரை மாட்டி, மலைச்சாலையில் மணிக்கணக்கில் ஏற்றிப் பாருங்கள். டர்போ பெட்ரோல் இன்ஜினில் காற்றோடு எரிபொருளும் சேர்ந்தே நெருக்கப்படுவதால், நேரம் வருமுன் வெடித்துவிடும் ஆபத்து உண்டு. தீப்பொறியைத் தாமதப்படுத்தியும், சூட்டைத் தணிக்க எரிபொருளை அள்ளி ஊற்றியும்தான் அது தப்பிக்கும். மைலேஜ் சரிந்துவிடும். 470 என்ற எண் பொய்யில்லை. அதை நாள்முழுக்கக் கேட்டால் கிடைக்கும் பில்தான் பெரிது. டீசலில் நெருக்கும்போது உள்ளே இருப்பது வெறும் காற்று, அதனால் அந்தப் பயம் இல்லை. பாரத்தில் புகையும் சூடேறுகிறது, யூரியா சிதைகிறது, வடிகட்டி போகிற போக்கில் சுத்தமாகிறது. இதைவிடப் பெரிய, முக்கால் டன், ஒரு டன் பிக்கப்புகளில் டீசல் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே டீசல் பிக்கப் வாங்க நினைப்பவர், இப்போது வைத்திருக்கும் வண்டியின் பின்னால் போய் ட்ரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டைப் பார்த்தால் போதும். அது தேய்ந்து பளபளத்தால் டீசல் வாங்கலாம். பூச்சு கலையாமல் புதிதாகவே இருந்தால், பெட்ரோல்.