ஆட்டு ரோமம் எப்படி ஃபெல்ட் ஆகிறது?

ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான் முடிந்ததும் தோலோடு சேர்ந்து ரோமமும் குழிக்குள் போகிறது. பண்ணையில் வெக்கை தாங்காத செம்மறிகளுக்கு முடி கத்தரித்தாலும் அதற்கும் அதே குழிதான். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ ஃபெல்ட், அதாவது ரோமத்தைப் பிசைந்து இறுக்கிய கெட்டித் துணி, செய்ய விரும்புகிறவர், கடையில் சின்னப் பொட்டலமாக வரும் மெரினோ என்ற மென்கம்பளிச் செம்மறியின் ரோமத்தைக் கிராம் கணக்கில் வாங்குகிறார். உள்ளூர் ரோமம் மட்டம் என்பது பொதுவான பேச்சு. பொய்யில்லை, ஆனால் பாதிதான் உண்மை. கழுத்துத் துணிக்கு ஆகாத ரோமம் சூடான சட்டி வைக்கும் பாய்க்கு நன்றாகவே ஆகும். எது எதற்கு ஆகும் என்று தெரிய, ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் விதம் புரிய வேண்டும்.

ஃபெல்ட்டில் நூற்பு இல்லை, நெசவும் இல்லை. தளர்ந்த ரோமம் தானே சிக்கி இறுகிக் கெட்டியான தகடாகிறது. ரோமத்தின் மேற்புறம் முழுக்கச் செதில்கள். ஓட்டுக்கூரை போல ஒன்றின் மேல் ஒன்று படிந்து, எல்லாம் நுனிப் பக்கமே பார்த்து நிற்கும். அதனால் வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும், நுனியிலிருந்து வேருக்குத் தடவினால் உரசும். பள்ளித் திடலில் நடந்துவிட்டு வந்தால் காற்சட்டையில் ஒட்டிக்கொள்ளும் கெமுஞ்சுப் புல்லும் இதே வேலையைத்தான் செய்கிறது. நடக்க நடக்கத் துணிக்குள் ஏறும், எதிர்ப்பக்கம் இழுத்தால் வராது. ஈரமான ரோமக் கற்றையை அழுத்திப் பிசையும்போது ஒவ்வொரு ரோமமும் இம்மி இம்மியாகத் தன் வேர் போகும் திசையிலேயே நகரும், திரும்பி வராது. பல திசைகளில் கிடக்கும் ஆயிரக்கணக்கான ரோமங்கள் இப்படி நகர்ந்தால் முடிச்சுதான் மிஞ்சும். சூட்டில் செதில் திறந்து கொக்கி போல மாட்டிக்கொள்கிறது என்று பல கையேடுகள் எழுதுகின்றன. படம் வரைய வசதியான விளக்கம், ஆனால் சரியில்லை. இரு திசைகளில் உரசல் வேறுபடுவதே அடிப்படைக் காரணம். கம்பளிச் சட்டை சலவை இயந்திரத்தில் சுருங்குவதும் இதனால்தான். ‘மெஷினில் துவைக்கலாம்’ என்ற சீட்டோடு வரும் கம்பளியில் குளோரின் கொண்டு செதிலை அரித்து, மேலே பிசினும் பூசியிருப்பார்கள். எத்தனை மணி நேரம் பிசைந்தாலும் அது ஃபெல்ட் ஆகாது.

நீரும் சூடும் சவுக்காரமும் ஆளுக்கொரு வேலை செய்கின்றன. நீரில் ரோமத்தின் விட்டம் சுமார் 16 விழுக்காடு பருக்கும். நீளம் ஒரு விழுக்காடு அளவே கூடும். நனைந்த ரோமம் எளிதில் வளையும், இழுபடும், விட்டால் திரும்பும். இந்த நெகிழ்வு இல்லாமல் நகர்வு இல்லை. சூடு அதை இன்னும் கூட்டும். சவுக்காரம் கையின் உராய்வைக் குறைப்பதோடு நீரைக் காரமாக்குகிறது. காரத்தையும் அமிலத்தையும் காட்டும் பி.எச். அளவு 8-க்கு மேல் போனால் ரோமம் வேகமாக இறுகும். பி.எச். 5, 6 அளவில் இருக்கும் உடல் கழுவும் திரவத்தை ஊற்றிவிட்டு ‘ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பழைய சாதாரண சவுக்காரக் கட்டியே சிறந்தது. கடும் அமிலத்திலும் ரோமம் நன்றாக இறுகும். தொப்பி செய்யும் தொழிற்சாலைகள் அப்படிச் செய்வதுண்டு. வீட்டில் அது வேண்டாம்.

இனி ஆட்டுக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவின் சொந்த இனமான மலின் செம்மறிக்கு உண்மையான கம்பளி உண்டு, ஆனால் முரடு. 1980-களில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் களை மேயச் செம்மறிகளை விட்டபோது, அடர்ந்த கம்பளி மழையில் ஊறுவதும் வெக்கையில் ஆடு தவிப்பதும் தொல்லையாயின. பார்படோஸ் பிளாக்பெல்லி, சாண்டா இனெஸ் போன்ற, கம்பளிக்குப் பதில் முடி வளரும் இனங்கள் இங்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது பரவலாகக் காணும் டோர்ப்பர், 1930-களில் தென்னாப்பிரிக்காவில் இறைச்சிக்காக உருவாக்கிய கலப்பு. அதன் உடலில் முடியும் கம்பளியும் கலந்தே வளர்ந்து தானாக உதிரும். தமிழ்நாட்டிலும் கதை வேறில்லை. மேச்சேரி, வேம்பூர், ராமநாதபுரம் வெள்ளை எல்லாம் முடி ஆடுகள். மென்கம்பளிக்கு நீலகிரி இனம் ஒன்றுதான்.

ஆகவே பண்ணையிலிருந்து வரும் மூட்டையில் மூன்று வகை கலந்திருக்கும்: மெல்லிய சுருள் கம்பளி, நீண்ட நேரான முடி, குட்டையான சுண்ணாம்பு வெள்ளைக் கெம்ப். இந்தக் கெம்ப்தான் வில்லன். உள்ளே துளையும் வெளியே விறைப்புமாக இருப்பதால் வளையாது, நகராது, சாயமும் சரியாகக் காட்டாது. செய்த பொருளிலிருந்து மாதக்கணக்கில் உதிர்ந்துகொண்டே இருக்கும். தொடைப் பகுதியில் அதிகம், தோளிலும் விலாவிலும் குறைவு. எனவே மூட்டையைப் பிரித்ததும் தோள், விலா ரோமத்தைத் தனியே வையுங்கள். 5 முதல் 10 செ.மீ. நீளம் போதும். கத்தரிக்கோல் இருமுறை பட்ட துண்டு ரோமம் திட்டுத்திட்டாகும், அதைக் கழித்துவிடுங்கள்.

எந்த மூட்டையையும் கழுவுவதற்கு முன் ஓர் உருண்டைச் சோதனை செய்துவிட வேண்டும். ஒரு கிராம் ரோமத்தைப் பிரித்து, கை பொறுக்கும் சூட்டில் சவுக்கார நீர் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே முதலில் அழுத்தாமலும் பிறகு மெல்ல அழுத்தியும் பத்து நிமிடம் உருட்டுங்கள். கோலி போல இறுகினால் நல்லது. பஞ்சுருண்டையாகவே நின்றால் மெரினோ கலப்பு வேண்டும். இரண்டாகப் பிளந்து உள்ளே உலர்ந்த முடி தெரிந்தால் அந்த மூட்டை ஊசி வேலைக்கு மட்டும். ஆய்வுக்கூடங்களிலும் ஒரு கிராம் ரோமத்தை நீரில் குலுக்கி, உருண்டையின் விட்டத்தை அளந்துதான் ஃபெல்ட் ஆகும் தன்மையைச் சொல்கிறார்கள்.

கழுவுவதில்தான் பாதிப் பேர் ரோமத்தைக் கெடுக்கிறார்கள். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு சாணியும் முள்ளும் ஒட்டிய ஓரங்களை வெட்டி ஒதுக்கிவிட்டு, அரைக் கிலோவை வலைப்பைகளில் தளர்வாகப் போட்டு ஓரிரவு பச்சைத் தண்ணீரில் ஊற வையுங்கள். வியர்வை உப்பும் மண்ணும் அதிலேயே கரைந்துவிடும். அந்தப் பழுப்பு நீரில் பொட்டாசியம் உண்டு, செடிக்கு ஊற்றலாம். அடுத்தது கொழுப்பு. லானொலின் சுமார் 40 டிகிரியில்தான் இளகும், ஆகவே 60 டிகிரி நீர் 15 லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் 60 மி.லி. கலந்து பையை அமிழ்த்தி 15 நிமிடம் விடுங்கள். கிளறக் கூடாது, கசக்கக் கூடாது, குழாயை ரோமத்தின் மேல் திறந்துவிடவும் கூடாது. நீர் ஆறும்வரை விட்டால் கொழுப்பு திரும்ப ரோமத்திலேயே படிந்து பிசுபிசுக்கும். சூடு இருக்கும்போதே எடுத்து, அதே சூட்டில் இன்னொரு தொட்டிக்கு மாற்றுங்கள். இரண்டு முறை இப்படி, பிறகு அதே சூட்டில் இரண்டு அலசல். கொழுப்பு நீரை வாசல் கால்வாயில் கொட்டாதீர்கள், அது நேரே ஆற்றுக்குப் போகும். கழிவறைக் குழாயில் விடுங்கள். உலர்ந்ததும் நாய்க்கு வாரும் கம்பிச் சீப்பு இரண்டு இருந்தால் சிக்கெடுக்க அதுவே போதும்.

இப்போது 30 செ.மீ. சதுரத்தில், அரை செ.மீ. தடிமனில் ஒரு பாய். முதலில் சுருக்க அளவு தெரிய வேண்டும். 44 கிராம் கலவையை 30 செ.மீ. சதுரமாக அடுக்கி ஒரு மாதிரி செய்து அளந்து பாருங்கள். அது 21 செ.மீ. ஆகச் சுருங்கினால் விகிதம் 0.7. முடிவில் 30 வேண்டுமென்றால் 30-ஐ 0.7-ஆல் வகுத்து 43 செ.மீ. சதுரமாக அடுக்க வேண்டும், 90 கிராம் பிடிக்கும். உங்கள் மூட்டையின் விகிதம் வேறாக இருக்கும், மாதிரியைத் தவிர்க்காதீர்கள். கலவை இது: நடுவில் உள்ளூர் முரட்டு ரோமம் 50 கிராம், அடியிலும் மேலும் மெரினோ 20 கிராம் வீதம். வெளிப்புற மெரினோ உள்ளே நகர்ந்து முரட்டு முடியைக் கட்டிப்போடும். அதுதான் இந்தக் கலப்பின் சூட்சுமம்.

கடை வீடுகளின் முகப்பில் தொங்கும் மூங்கில் திரை ஒரு துண்டு, அதன் மேல் குமிழிப் பிளாஸ்டிக். முதல் அடுக்கு கிடைவாக, அடுத்தது நெடுக்காக, இப்படி மாறி மாறி நான்கு அடுக்கு. கற்றையை முஷ்டியில் இறுகப் பிடிக்காமல் நுனியை மட்டும் விரல்களால் இழுத்து, ஓட்டுக்கூரை அடுக்குவது போல மூன்றில் ஒரு பங்கு மேலேறும்படி வையுங்கள். உள்ளங்கையால் அழுத்தி மெல்லிய இடம் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். துருவிய சவுக்காரம் ஒரு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, 40 டிகிரிக்கு ஆறியதும் தெளியுங்கள். நீர் எங்கும் ஊற வேண்டும், ஆனால் மிதக்கக் கூடாது. மிதந்தால் ரோமங்கள் விலகி நிற்கும், உரசாது. பினாங்கின் குழாய் நீர் பெரும்பாலும் மூடா ஆற்று நீர், கடினம் குறைவு; ஆகவே சவுக்காரம் நன்றாகவே நுரைக்கும்.

மேலே ஒரு வலைத்துணி போட்டு, முதல் பத்து நிமிடம் கை அதன் மேல் வழுக்குவது தெரியாத அளவுக்கு மெதுவாகத் தேயுங்கள். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எதுவும் திருத்தாது. அவ்வப்போது வலையைத் தூக்கிப் பாருங்கள், ரோமம் வலையோடு ஒட்டி வந்தால் அதை உரித்து விடுங்கள். மேற்பரப்பை நகத்தால் கிள்ளும்போது ஒற்றை ரோமம் தனியே எழாமல் பரப்பே சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தால் முதல் கட்டம் முடிந்தது. பிறகு திரையோடு சுருட்டி நூறு முறை உருட்டுங்கள். பிரித்து, கால் வட்டம் திருப்பி மறுபடி நூறு. நான்கு பக்கமும் முடிந்ததும் புரட்டிப் போட்டு இன்னொரு சுற்று. உருட்டும் திசையில்தான் பாய் சுருங்கும், ஆகவே ஒரு பக்கம் நீண்டு நின்றால் அந்தப் பக்கத்தையே உருட்டுங்கள். கடைசியில் சூட்டை 50 டிகிரிக்குக் கூட்டி, கையுறையோடு பிழிந்து, கழுவு தொட்டிக்குள் முப்பது நாற்பது முறை ஓங்கி எறியுங்கள். எறிய எறியச் சுருக்கம் விறுவிறுவென்று ஏறும்.

பாயின் நடுவில் ஓட்டை விழுந்தால் அடுக்கு மெலிந்திருந்தது. மேற்பரப்பில் மடிப்பு வரி விழுந்தால், மேல் ரோமம் பிடித்துக்கொள்ளும் முன்னே உருட்டியிருக்கிறீர்கள். ஓரம் அலை அலையாக நின்றால் ஓரத்தில் ரோமம் குறைவு, நடுவில் கூடுதல். இரண்டு தகடாகப் பிரிந்து வந்தால் நடு அடுக்கு நனையவே இல்லை. முரட்டு ரோமத்தில் இது அடிக்கடி நடக்கும், அதற்கு மட்டும் சவுக்கார நீரை இரட்டிப்பாக விட வேண்டும். முடிந்ததும் தெளிந்த நீரில் நுரை போகும்வரை அலசி, கடைசி அலசலில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். காரம் தங்கினால் ரோமம் மஞ்சளித்து வலுவிழக்கும்.

உருண்டைச் சோதனையில் தோற்ற ரோமத்துக்கு ஊசி இருக்கிறது. ஃபெல்ட் ஊசியின் முனைக்கருகே சிறு வெட்டுகள் கீழ்நோக்கி இருக்கும். உள்ளே போகும்போது ரோமத்தை இழுத்துச் செல்லும், வெளியே வரும்போது விட்டுவிடும். செதிலை நம்பி இருக்காததால் முடி, கெம்ப் எல்லாம் ஓரளவு பிடிக்கும். முரட்டு உள்ளீட்டுக்கு 36 எண் ஊசி, மேற்பரப்புக்கு அதைவிட மெல்லிய 40 எண். நுழைந்த கோணத்திலேயே வெளியே எடுங்கள், உள்ளே இருக்கும்போது சாய்த்தால் முனை ஒடிந்து செய்யும் பொருளுக்குள் தங்கிவிடும். கடற்காற்றில் இந்த ஊசிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும்; தையல் இயந்திர எண்ணெய் தடவிய துணியில் சுற்றி டப்பாவில் போடுங்கள்.

எழுதுபொருள் கடையில் வண்ண வண்ணமாக விற்கும் ‘ஃபெல்ட் தாள்’ பெரும்பாலும் பாலியஸ்டர். ஓரத்தைக் கிள்ளி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, தீயை விலக்கினால் அணைந்து, நொறுங்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். சட்டிப் பாய்க்கு எது வேண்டும் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

சாயத்துக்குப் பதிமுகக் கட்டை நன்றாக வரும். ரோமத்தின் எடையில் 10 விழுக்காடு படிகாரத்தில் முதலில் ஊற வைத்து, 80 டிகிரிக்குள் ஒரு மணி நேரம், கொதிக்க விடாமல். பதிமுகம் அமிலத்தில் ஆரஞ்சாகவும் காரத்தில் ஊதா கலந்த சிவப்பாகவும் மாறும், எனவே ஃபெல்ட் செய்து முடித்த பிறகே சாயம் ஏற்றுங்கள். மஞ்சளை நம்பாதீர்கள், வெயிலில் சில வாரங்களில் வெளுத்துவிடும்.

பினாங்கில் மிஞ்சும் பெரிய எதிரி ஈரமும் பூச்சியும். 65 விழுக்காடு ஈரப்பதத்தில் 100 கிராம் உலர்ந்த கம்பளி சுமார் 16 கிராம் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். இங்கே காற்றின் ஈரம் அதைவிட அதிகம். தொட்டுப் பார்த்து உலர்ந்துவிட்டது என்று மூடி வைத்தால் உள்ளே நீர் இருக்கும், சவுக்கார மிச்சமும் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, எடை இனிக் குறையவில்லை என்று தராசு சொன்ன பிறகே பையில் போடுங்கள். சுவரில் பூசணி விதை அளவில் சாம்பல் நிறக் கூட்டை இழுத்துக்கொண்டு ஊரும் புழுவைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் கம்பளி விருந்து. பாச்சை உருண்டையை விட உறைபெட்டி மேல்: காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள், திறந்தால் குளிர்ந்த ரோமத்தில் காற்றின் ஈரம் படியும். கழித்த கெம்ப்பையும் சாணி ஒட்டிய ஓரங்களையும் கறிவேப்பிலைத் தொட்டியின் மண்ணுக்கு அடியில் புதைத்துவிடலாம். தூய கம்பளியில் சுமார் 16 விழுக்காடு தழைச்சத்து உண்டு, மட்குவது மெதுவாக என்பதால் அது மாதக்கணக்கில் செடிக்குப் போய்ச் சேரும். மேலே பரப்பினால் மைனா வந்து கூட்டுக்குத் தூக்கிப் போய்விடும்.