பேரணி நடத்தினால் போதைப் பழக்கம் நின்றுவிடுமா?

சென்ற வாரம் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பெற்றோர் என்னிடம் அழைத்து வந்தனர். பெயின்ட்டில் கலக்கும் தின்னரைத் துணியில் நனைத்து மூன்று மாதங்களாக முகர்ந்து வந்திருக்கிறான். மூக்கின் கீழும் வாயைச் சுற்றியும் தோல் காய்ந்து சிவந்து வெடித்திருந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே தாயார் தம் பையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து மேசைமீது வைத்தார். உள்ளாட்சி மன்றம் நடத்திய போதை ஒழிப்பு வாசகப் போட்டியில் அவன் வாங்கிய முதல் பரிசு அது. "எல்லாம் தெரிந்த பிள்ளை எப்படி டாக்டர் இப்படிச் செய்தான்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை எத்தனையாவது முறையாகக் கேட்கிறேன் என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

பையனிடம் தனியாகப் பேசியபோது அவன் சொன்ன பதில் எளிமையானது. பேரணிப் பதாகைகளில் ஊசியும் புட்டியும் மாத்திரையும் இருந்தனவாம், தின்னர் இல்லையாம். கடையில் யாருக்கும் விற்கிற பொருள் போதைப்பொருளாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லையாம்.

உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் மீண்டும் மீண்டும் காண்கிற தவறான எண்ணம் ஒன்றுண்டு: பிள்ளைகளுக்கு விவரம் தெரியாததால்தான் பழக்கத்தில் விழுகிறார்கள், ஆகவே அவர்களைப் பயமுறுத்திவிட்டால் விலகி நிற்பார்கள் என்பது. இதன் விளைவாகத்தான் அழுகிய ஈரலின் படங்களும், பழக்கத்திலிருந்து மீண்டு மேடையில் நின்று கண்ணீர் விடுபவர்களும், சீருடைக் காவலரின் ஒரு மணி நேர உரையும் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2013இல் வெளியிட்டு, 2018இல் உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து புதுப்பித்த தடுப்புத் தர வரையறைகள், வெறும் சொற்பொழிவு, அச்சமூட்டும் தகவல், முன்பு பழக்கத்தில் இருந்தவர்களின் சாட்சியம் ஆகியவற்றைப் பயனற்றவை அல்லது எதிர்விளைவு தரக்கூடியவை என்ற வரிசையிலேயே வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி நாடெங்கும் பரவிய 'டேர்' என்ற பள்ளிப் போதைத் தடுப்புத் திட்டத்தில் காவலர்களே வகுப்பெடுத்தார்கள். அதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாணவர்களின் பயன்பாட்டில் சொல்லும்படியான குறைவு எதுவும் தென்படவில்லை. அதே நாட்டு அரசு 1998 முதல் 2004 வரை பெருந்தொகை செலவிட்டு நடத்திய ஊடகப் பிரசாரத்தின் மதிப்பீடும், அது இளைஞர்களைக் கஞ்சாவிலிருந்து விலக்கவில்லை என்றே கூறியது. "எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள் போலும்" என்ற எண்ணத்தை அந்த விளம்பரங்களே விதைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பதினைந்து வயதில் மரண பயத்தைவிட நண்பர்கள் நடுவில் தனித்துப்போகும் பயமே பெரியது. இதை அறிய ஆய்வுகூடத் தேவையில்லை. தம் பதினைந்தாம் வயதை நினைத்துப் பார்த்தாலே போதும்.

பழக்கத்திலிருந்து மீண்டவர்களை மேடையேற்றுவதில் எனக்குள்ள மனக்குறை வேறொன்று. "நான் பத்து ஆண்டுகள் குடித்தேன், இதோ உங்கள்முன் நலமாக நிற்கிறேன்" என்பதைக் கேட்கும் சிறுவன் அந்த வாக்கியத்தின் பின்பாதியைத்தான் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறான். மீண்டவர்களின் துணை, சிகிச்சையில் இருப்போருக்கு விலைமதிப்பற்றது. அவர்களின் இடம் அங்கே இருக்கிறது.

எங்கள் தொழிலில், எந்தச் சிறுவன் வந்தாலும் நான் முதலில் கேட்பது என்ன பயன்படுத்தினாய் என்பதை அல்ல, பள்ளி விட்டதிலிருந்து பெற்றோர் வீடு திரும்பும் வரை எங்கே இருப்பாய் என்பதைத்தான். இந்தப் பையன் சொன்ன இடம், மன்றத்துக்குச் சொந்தமான விளையாட்டு மைதானத்தின் பின்சுவர். மைதானம் மாலையில் பூட்டப்பட்டிருக்கும், விளக்கும் கிடையாது.

ஐஸ்லாந்தில் 15, 16 வயதினரில் கடந்த ஒரு மாதத்தில் போதையேறக் குடித்தவர்கள் 1998இல் 42 விழுக்காட்டினர். 2016இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. அங்கே மாணவர்களிடம் தொடர்ந்து பெயர் குறிப்பிடாத கருத்தாய்வு நடத்தி, முடிவுகளை உள்ளூர் நிர்வாகங்களின் கையிலும் பள்ளிகளின் கையிலும் விரைவாகக் கொடுத்தார்கள். தலைநகர் ரெய்க்யாவிக்கின் நகர நிர்வாகம் விளையாட்டு, இசை, கலை வகுப்புகளுக்கான கட்டணத்தில் ஒரு பகுதியைத் தானே ஏற்றது. பிள்ளைகள் இரவில் வெளியே சுற்றும் நேரத்துக்கு வரம்பு இருந்தது. பெற்றோர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி உடன்பாடு செய்துகொண்டார்கள். இளையோர் குடிப்பது அதே காலத்தில் வேறு பல நாடுகளிலும் குறைந்திருப்பதால், முழுப் பெருமையையும் இத்திட்டத்துக்கே அளிப்பது நேர்மையாகாது. ஆனாலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: அங்கே செய்தவற்றில் பெரும்பாலானவை ஓர் உள்ளாட்சி மன்றத்தின் சாதாரணக் கூட்டத்தில் தீர்மானிக்கக்கூடிய காரியங்கள்.

ஆகவே மன்ற உறுப்பினர்களுக்குச் சொல்கிறேன்: மைதானத்தைத் திறந்துவையுங்கள், விளக்குப் போடுங்கள், மாலை நேரத்தில் பொறுப்பான ஒருவரை அங்கே நியமியுங்கள். மதுக்கடைகளின் எண்ணிக்கையிலும் விற்பனை நேரத்திலும் உங்களுக்கு எந்த அளவு அதிகாரம் இருக்கிறதோ அந்த அளவுக்கு அதைப் பயன்படுத்துங்கள். கடைகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் குடியால் வரும் கேடுகளும் மிகுதி. வயது வரம்பை விற்பனையாளர் மதிக்கிறாரா என்று ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, அடிக்கடி சோதியுங்கள். தின்னர், ஒட்டுப்பசை போன்றவற்றை விற்பவர்களிடமும் போய்ப் பேசுங்கள். அவர்களை யாரும் எட்டிப் பார்ப்பதே இல்லை. பேரணிக்கு ஒதுக்கும் தொகையில் பாதியையாவது ஒரு முழுநேர ஆலோசகருக்கு ஒதுக்குங்கள்.

அதிரடிச் சோதனை நடத்துவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதில் பிடிபடுகிறவர் பழக்கத்தைத் திடீரென நிறுத்த நேரிடலாம். நெடுநாள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் நடுக்கத்துடன் கூடிய மனக்குழப்பமும் வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். அவரை அறைக்குள் பூட்டி வைப்பது சிகிச்சை ஆகாது. ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருள் பழக்கமுள்ளவர் காவலிலோ மறுவாழ்வு மையத்திலோ சில வாரங்கள் இருந்துவிட்டு வந்து பழைய அளவையே எடுத்தால், இடைவெளியில் தாங்கும் திறன் குறைந்துவிட்ட உடல் அதைத் தாங்காது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை.

பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றே. பிள்ளை தின்னரையோ பசையையோ முகர்வதைக் கண்டால் கூச்சலிட்டு விரட்டாதீர்கள். அந்த ஆவி இதயத்தின் துடிப்பைக் குலைக்கக்கூடியது. அந்த நிலையில் அதிர்ச்சியோ ஓட்டமோ சேர்ந்தால், முதன்முறை முகர்ந்தவனுக்குக்கூட இதயம் நின்றுவிடலாம். அமைதியாக அருகில் சென்று, துணியை அகற்றி, காற்றோட்டமான இடத்தில் உட்காரவையுங்கள். மூச்சோ நினைவோ தடுமாறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். எப்படிச் செய்தாய் என்ற விசாரணையை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.