பேனாவின் இரண்டு குறைகள்

ஆங்கிலத்தில் விரிவுரை நிகழ்த்துபவர் நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 150 சொற்கள் பேசுகிறார். பேனா பிடித்துக் குறிப்பெடுக்கும் கை அந்த நேரத்தில் 20, 25 சொற்களைத் தாண்டினாலே பெரிது. மீதியெல்லாம் காற்றோடு போகிறது. பேனாவின் முதல் குறை இந்த மந்தம். ஆனால் 2014இல் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதுதான் பேனாவின் பலம் என்றார்கள்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களுக்கு டெட் (TED) என்னும் சிறு காணொளி உரைகளைத் திரையிட்டு, சிலர் கையில் நோட்டையும் சிலர் கையில் இணைய இணைப்பில்லாத மடிக்கணினியையும் கொடுத்தார்கள். உரை முடிந்ததும் அரை மணி நேரம் வேறு வேலைகளில் அவர்களைத் திசைதிருப்பிவிட்டுத் தேர்வு வைத்தார்கள். தட்டச்சு செய்தவர்களின் குறிப்புகளில் சராசரியாக 310 சொற்கள். கையால் எழுதியவர்களிடம் 173 மட்டுமே. பெயர், ஆண்டு போன்ற தகவல் கேள்விகளில் இரு தரப்பும் சமம். கருத்தைப் புரிந்துகொண்டு விடை சொல்ல வேண்டிய கேள்விகளில் பேனாக்காரர்கள் முந்தினார்கள்.

விளக்கம் எளிது. வேகமாகத் தட்டச்சு செய்பவருக்குக் காதில் விழுந்தது நேரே விரலுக்கு இறங்கிவிடுகிறது. நடுவே மனம் குறுக்கிட வேண்டிய அவசியமே இல்லை. பேனா பிடித்தவரோ எதை விடுவது என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுத்தாக வேண்டும். புரியாமல் எதையும் விட முடியாது.

அடுத்த சோதனை இன்னும் சுவையானது. சொன்னதை அப்படியே எழுதாதீர்கள், சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள் என்று மடிக்கணினிக்காரர்களிடம் முன்கூட்டியே சொன்னார்கள். பலனில்லை. விரல்கள் பழைய வேலையையே செய்தன.

நம் ஊர்க் கல்லூரிகளில் ‘நோட்ஸ் சொல்லும்’ வழக்கத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆசிரியர் பேனாவின் வேகத்துக்கு இறங்கி வந்து, காற்புள்ளி உட்பட வாசிப்பார். வகுப்பே குனிந்து எழுதும். நானும் பக்கம் பக்கமாக அப்படி எழுதியவன். கையில் பேனா இருந்தும் நாங்கள் செய்தது தட்டச்சு வேலைதான்.

பிரின்ஸ்டன் முடிவு ஊடகங்களில் பரவிய வேகத்துக்கு அதன் அஸ்திவாரம் ஈடு கொடுக்கவில்லை. 2019இல் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதே பாணியில் சோதித்தபோது குழுக்களுக்கிடையே நிலையான வேறுபாடு தெரியவில்லை. குறிப்பே எடுக்காத குழுவும் அவ்வளவாகப் பின்தங்கவில்லை! 2021இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹெதர் யூரி குழுவினர் முதல் சோதனையை அப்படியே திரும்பச் செய்தார்கள். தட்டச்சில் அதிகச் சொற்கள் என்பதும், சொல்லுக்குச் சொல் நகல் என்பதும் மீண்டும் உறுதியாயின. மதிப்பெண்ணில்தான் வித்தியாசம் வரவில்லை.

இரு கருவிகளும் வெவ்வேறு விதமான குறிப்புகளைத் தருகின்றன என்பது வரை உறுதி. சிறிய காணொளி ஒன்றைப் பார்த்த அரை மணி நேரத்தில் வைக்கும் தேர்வில் அந்த வேறுபாடு வெளிப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எழுதும்போது மனத்தில் பதிவது குறிப்பின் பாதி வேலை. பிறகு எடுத்துப் படிக்கக் கிடைப்பது மறு பாதி. அந்த மறு பாதிக்கு இத்தகைய தேர்வில் இடமே இல்லை.

2024இல் நார்வேயின் ட்ரான்ட்ஹெய்மிலிருந்து வந்த ஆய்வும் தலைப்புச் செய்தியானது. 36 மாணவர்களின் தலையில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் 256 மின்வாய்கள் பொருத்திப் பார்த்தபோது, கையால் எழுதுகையில் மூளைப் பகுதிகளுக்கிடையே தொடர்பு மிகுந்திருந்தது. ஆனால் தட்டச்சு செய்தவர்கள் வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் தட்டினார்கள். கற்றது நினைவில் நின்றதா என்றும் சோதிக்கவில்லை. இதை வைத்து மடிக்கணினியைத் தூக்கி எறியச் சொல்வது அவசரம்.

குழந்தைகளின் கதை வேறு. இங்கேதான் பேனாவின் இரண்டாவது குறை வருகிறது: கோணல்.

இந்தியானா பல்கலைக்கழகத்தில் காரின் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளிடம் சில எழுத்துகளைத் தாமே எழுதவும், சிலவற்றின் மேல் கோடு இழுக்கவும், சிலவற்றை விசையில் தட்டவும் சொன்னார். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, வாசிப்புக்கான பகுதிகள் நன்றாக விழித்தது தாமே எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான்.

ஏன்? விசையைத் தட்டினால் எழுத்து ஒவ்வொரு முறையும் ஒரே அச்சாக வருகிறது. குழந்தை எழுதும் ‘அ’ ஒரு தடவை வயிறு பெருத்திருக்கும், ஒரு தடவை கால் நீண்டிருக்கும், ஒரு தடவை குப்புறச் சாய்ந்திருக்கும். எது மாறினாலும் ‘அ’தான், எது மாறினால் ‘அ’ இல்லை என்ற எல்லையை இந்த அலங்கோலங்கள்தான் கற்பிக்கின்றன.

2016இல் ஜேம்ஸும் ஒரு சக ஆய்வாளரும் கிரேக்க எழுத்துகளைக் கொண்டு இந்த ஊகத்தைச் சோதித்தார்கள். கையை அசைக்காமல், பலவிதமான வடிவங்களில் எழுத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகிய குழந்தைகளும், தாமே எழுதிய குழந்தைகளுக்கு இணையாகத் தேறினார்கள். பலன் கையசைவில் இல்லை, வடிவங்களின் வகைவகையில் இருக்கிறது. அதே சோதனையில், அச்செழுத்தின் மேல் பிசகாமல் இழுத்துப் பழகியவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. புள்ளிக்கோட்டின் மேல் விரலால் இழுத்தால் நட்சத்திரம் தரும் கைப்பேசிச் செயலிகள் குழந்தையிடம் கேட்பதும் அந்தப் பிசகாத இழுப்பைத்தான். விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் மூன்று வயதுக் குழந்தை கிறுக்கும் ‘அ’வுக்கு நட்சத்திரம் கிடையாது, அது எந்த அச்சோடும் பொருந்தியதும் இல்லை.